ஜூன் ஒன்றும் டிசம்பர் இருபத்தைந்தும்

1

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பர் 24, செவ்வாய்க்கிழமை, மாலை 5.40. கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் இருபத்தொரு புள்ளி நட்சத்திரக் கோலம் முழுமை பெற்றது. மூன்று டிசம்பர்களாக வெறும் சிமெண்டாகக் கிடந்த வாசல் அது. போட்டவள் என் மகள் ஜெசிந்தா.

பாளையங்கோட்டையிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் செய்து, வாழ்த்துச் சொல்லி முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை வந்தாளா?" என்று கேட்கும் உறவினர்கள் அனைவருக்கும் இது பொது அறிவிப்பு. வந்தாள். நான் ஜெயித்தேன். எப்படி ஜெயித்தேன் என்பதில் கொஞ்சம் சங்கடம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2

இங்கு வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. கிள்ளானில் ஒரு நாட்காட்டி அச்சகத்தில் தமிழ்ப் பக்கங்களுக்கு மெய்ப்பு பார்க்கும் வேலை. இப்போது ஓய்வுபெற்றுவிட்டாலும் ஆகஸ்ட் மாதம் வந்தால் கூப்பிட்டு விடுவார்கள். மலேசிய நாட்காட்டி என்பது சாதாரணக் காரியமல்ல. ஒரே கட்டத்துக்குள் ஆங்கிலத் தேதி, ஹிஜ்ரி தேதி, சீனத் தேதி, தமிழ்த் தேதி, மாநில விடுமுறை, பள்ளி விடுமுறை எல்லாம் உட்கார வேண்டும். ஒரு தேதி தவறினால் ஒரு வருடம் முழுக்க ஆயிரம் சமையலறைச் சுவர்களில் அந்தத் தவறு தொங்கும்.

அதனால் எங்களிடம் ஒரு விதி உண்டு. எந்தப் பண்டிகைத் தேதிக்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒரு பஞ்சாங்கமோ அரசு அறிவிப்போ மட்டும் போதாது. ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆதாரங்களைக் கண்டுபிடித்து, மெய்ப்புத் தாளின் ஓரத்தில் "சாட்சி 1, சாட்சி 2" என்று எழுதி, சிவப்புப் பென்சிலால் டிக் போட்ட பிறகே அச்சுக்குப் போகும். ஜெசிந்தா சிறுமியாக இருந்தபோது பழைய மெய்ப்புத் தாள்களின் பின்பக்கத்தில்தான் கோலம் வரைந்து பழகினாள். விதி அவளுக்கும் தெரியும். "அப்பா, அம்மா திட்டினாங்க. சாட்சி ஒண்ணு, பூனை" என்று வந்து நிற்பாள்.

நான் மலாய் கற்றதும் அந்தத் தாள்களிலிருந்துதான். இந்த நாட்டின் அத்தனை விடுமுறை நாட்களின் பெயரையும் பிழையில்லாமல் மலாயில் சொல்வேன். கடையில் ஒரு தட்டு மீ கோரேங் நூடுல்ஸ் காரம் குறைவாகக் கேட்கச் சொன்னால் இன்றைக்கும் தடுமாறுவேன்.

3

தவறு என்னுடையது. 2021-இல் எங்கள் பங்குக் கோயில் ஆண்டுமலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தொற்றுக் காலம். கோயில் பூட்டிக் கிடந்தது, மலர் போனிலேயே வரப்போகிறது என்றார்கள். எனக்குப் பொழுதும் போகவில்லை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பழக்கங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று எழுத உட்கார்ந்தேன். கையால் எழுதிய பக்கங்களை ஜெசிந்தாதான் தட்டச்சு செய்தாள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள், வேகமாக அடிப்பாள்.

கட்டுரையில் நான் அறிவித்தவை இவை. டிசம்பர் 25 ரோமர்களின் சூரியன் திருநாள், திருச்சபை அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மானியக் காட்டு வழிபாட்டின் மிச்சம். வாசலில் தொங்கும் பச்சை இலை வளையம் ரோமர்களின் குளிர்காலக் கொண்டாட்டத்திலிருந்து வந்தது. ஈஸ்டர் முட்டையும் முயலும் ஒரு வசந்த தேவதையின் சொத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆச்சரியக்குறி போட்டிருந்தேன்.

பெரிய வரவேற்பு. "அங்கிள், செம்ம ரிசர்ச்" என்று இளைஞர் குழுவினர் குரல் செய்தி அனுப்பினார்கள். நானும் சொக்கிப் போனேன். தட்டச்சு செய்யும்போதே ஜெசிந்தா கேட்டாள்.

"அப்பா, இதெல்லாம் நெசமாவா? டேட் கூட இயேசுவோடது இல்லையா?"

"இல்லவே இல்லை. எந்த நற்செய்தியிலும் தேதி கிடையாது."

"அப்ப நாம எதைக் கொண்டாடுறோம்?"

நான் சிரித்துக்கொண்டே, "அடுத்த பக்கத்தை அடி" என்றேன். அந்தக் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

4

அந்த வருடக் கடைசியில் அவள் வேலை மாறி பெட்டாலிங் ஜெயாவுக்கு அறை எடுத்துப் போனாள். அங்கே கடை வரிசையின் மாடியில் கூடும் ஒரு ஜெபக் குழுவில் சேர்ந்தாள். நல்ல பிள்ளைகள். ஒருவருக்கொருவர் உதவியாக இருக்கிறார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. அது வேற்றுத் தெய்வங்களிடமிருந்து வந்த நாள் என்பது அவர்கள் நம்பிக்கை. டிசம்பர் ஒன்றாம் தேதி நான் வாசலில் காகித நட்சத்திரம் கட்டினேன். அவள் போன் செய்து, ஜனவரியில் வருகிறேன் என்றாள்.

என் மனைவி பிலோமினா போனைப் பிடுங்கினாள். "ஏட்டி, ஒனக்கு என்ன பைத்தியமா? வீட்டுக்கு வராம எங்க போவே?"

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. அப்பாதான எழுதினாங்க? நான்தான டைப் பண்ணேன்?"

பிலோமினா போனை என்னிடம் நீட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அன்று அவள் என்னிடம் பேசவில்லை. மறுநாள் பேசியது இன்னும் மோசம். "ஒங்க ஆச்சரியக்குறியைக் கொண்டு போய் கடல்ல போடுங்க."

மற்றபடி உறவு அறுந்துவிடவில்லை என்பதையும் எழுத வேண்டும். மற்ற மாதங்களில் வந்தாள். ஜூன் ஒன்று என் பிறந்தநாள். அன்று ஒரு வருடம்கூடத் தவறாமல் கேக்கோடு வந்தாள். டிசம்பரில் மட்டும் நட்சத்திரம் தொங்கும் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டாள். கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தி, அம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போவாள். மூன்று டிசம்பர்கள் இப்படி.

பெரிய வெறுமை வாசலில்தான். எங்கள் தெருவில் மார்கழி முதல் தேதியிலிருந்து இடப்பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி அக்கா தினமும் கோலம் போடுவார். ஜெசிந்தாவுக்கு எட்டு வயதில் புள்ளி வைக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஒவ்வொரு டிசம்பர் 24 மாலையும் எங்கள் வாசலில் நட்சத்திரக் கோலம் அவள் வேலை. எனக்கும் பிலோமினாவுக்கும் நேர்க்கோடுகூட வராது. 2022-இல் நான் சாக்பீஸ், கயிறு, ஸ்கேல் எல்லாம் வைத்து ஒன்று போட்டுப் பார்த்தேன். பரமேஸ்வரி அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது கோலமா, லோரி ஸ்பேர் பார்ட்டா?"

"நட்சத்திரம்."

"நான் வந்து போட்டுத் தரேன் லா. அஞ்சு நிமிஷம்."

"வேண்டாம். ஜெசி வந்து போடுவா."

அவர் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

5

2024 தவக்காலத்தில் என் கட்டுரையை நானே மெய்ப்பு பார்க்க உட்கார்ந்தேன். நாற்பது நாள். அச்சக விதிப்படி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு சாட்சி. ஒரு பஞ்சாங்கக்காரருக்கு நான் காட்டாத இரக்கத்தை எனக்கு மட்டும் ஏன் காட்டினேன் என்று வெட்கமாக இருந்தது.

கிடைத்த முடிவுகளைச் சுருக்கமாகத் தருகிறேன். கி.பி. 354-இல் ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டித் தொகுப்பு இருக்கிறது. டிசம்பர் 25-இல் வெல்லப்படாத சூரியனின் பிறந்தநாள் என்ற குறிப்பும், கிறிஸ்து பிறந்தார் என்ற குறிப்பும் அதே தொகுப்பின் வெவ்வேறு பகுதிகளில் வருகின்றன. இரண்டுக்கும் தெளிவான பழைய சாட்சி அதுவே. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மார்ச் 25-இல் மரியாள் கருவுற்றார் என்று வைத்து ஒன்பது மாதம் கூட்டி இந்தத் தேதிக்கு வந்தார்கள் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. நான் ஒரு கட்சியை மட்டும் அச்சேற்றி ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன்.

மரத்துக்கு நல்ல ஆதாரம் ஜெர்மன் பேசும் ஊர்களில் பதினாறாம் நூற்றாண்டில்தான் கிடைக்கிறது. அதற்கும் பழைய காட்டு வழிபாட்டுக்கும் நடுவே பாலம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. வசந்த தேவதைக்கு எட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துத் துறவி ஒருவர் எழுதிய ஓரிரு வரிகளைத் தவிர உருப்படியான சாட்சி இல்லை. அவரும் முயலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தமிழில் நாம் பாஸ்கா என்கிறோம். அது யூதர்களின் பண்டிகைப் பெயர். பச்சை இலையும் விளக்கும் மட்டும் தேறின. ரோமர்கள் குளிர்கால விழாக்களில் வாசலை அப்படி அலங்கரித்தார்கள். கிறிஸ்தவர்களும் அதையே செய்கிறார்கள் என்று பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். கோபம் நல்ல சாட்சி. நடக்காத ஒன்றுக்கு யாரும் கோபப்படுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கி.பி. 601-இல் ரோமிலிருந்து இங்கிலாந்துக்குப் போன போப்பாண்டவரின் கடிதம். அங்கிருந்த பழைய கோயில்களை இடிக்க வேண்டாம், தீர்த்தம் தெளித்துப் பயன்படுத்துங்கள். மக்கள் வழக்கம்போல் கிளைகளால் பந்தல் கட்டி விருந்து உண்ணட்டும் என்பது அதன் சாரம். வாசித்ததும் எங்கள் ஊர்க் கோயில் திருவிழா கண்முன் வந்தது. கொடிமரம், சப்பரம், வாழைமரம், மாவிலைத் தோரணம். எவரும் எங்களுக்கு அந்தக் கடிதத்தைக் காட்டவில்லை. நாங்களாகவே அதன்படி நடந்துகொண்டிருந்தோம்.

டிசம்பர் கடைசியில் எங்கள் தெருவே சாட்சி. வலப்பக்கத்துச் சீன அம்மாள் அவர்களுடைய குளிர்காலத் திருநாளுக்கு இனிப்புச் சாறில் மாவு உருண்டை போட்டுக் கொண்டுவந்து தருவார். இடப்பக்கம் மார்கழிக் கோலம். நடுவில் எங்கள் நட்சத்திரம். ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் அந்த வாரத்தில், பகல் குறைவதே தெரியாத இந்த ஊரில்கூட, மூன்று வீடும் விளக்கு ஏற்றுகின்றன.

இதையெல்லாம் எழுதிய பதினோரு பக்கத்தையும் ஜெசிந்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "படிச்சேன் பா. போன தடவையும் இதே மாதிரி உறுதியாத்தான் சொன்னீங்க."



6

நவம்பரில் என் சிவப்பு அடையாள அட்டை நடுவில் விரிசல் விட்டது. நிரந்தரவாசிகளின் அட்டை சிவப்பு. அதன் எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த வருடம், மாதம், நாள். வங்கியிலும் மருத்துவமனையிலும் வாயைத் திறந்தால் பிறந்த தேதியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தேதியை மதிக்கும் நாடு. அந்த வகையில் எனக்கேற்ற நாடு. அட்டை மாற்ற இணையத்தில் நேரம் பதிவு செய்ய வேண்டுமென்றார்கள். ஜெசிந்தாவே பதிவு செய்து, அரைநாள் விடுப்பும் எடுத்தாள்.

டிசம்பர் 3, செவ்வாய். நட்சத்திரம் தொங்குவதால் உள்ளே வரவில்லை. ஹாரன் அடித்தாள். போனேன்.

பதிவு அலுவலகக் கவுண்டரில் இருந்த அதிகாரி மலாய் இளைஞர், மிகவும் பணிவானவர். என் விவரங்களைத் திரையில் காட்டி ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொன்னார். பெயர், முகவரி. பிறகு பிறந்த தேதி.

"சத்து ஜூன். பெத்துல், பாக்சிக்?" ஜூன் ஒன்று, சரிதானே பெரியவரே என்று கேட்கிறார்.

இருபத்தெட்டு வருடமாக நான் சரி என்று மட்டும் சொல்லிவந்த கேள்வி அது. ஆனால் நாற்பது நாள் சாட்சி தேடித் தேடி மனம் அந்தப் பழக்கத்தில் இறங்கியிருந்தது. வாய் தானாக மலாயில் சொல்லிவிட்டது.

"கார்டில் சரி. ஆனால் உண்மையில் சரியில்லை."

அதிகாரியின் கை விசைப்பலகையில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவரும் திரும்பினார். ஜெசிந்தா நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"பெத்துல், என்சிக்! பெத்துல்! அவருக்கு வயசாச்சு, ஜோக் பண்றாரு. ஜூன் ஒண்ணுதான். ஒவ்வொரு வருஷமும் நான்தான் கேக் வாங்குறேன்." சரி, ஐயா, சரி என்று தொடங்கி இத்தனையும் மலாயில், ஒரே மூச்சில்.

அதிகாரி சிரித்துவிட்டார். அடுத்த ஜூனில் எனக்கும் ஒரு துண்டு என்றார். என் கட்டைவிரலை வாங்கிப் பதித்தார். புது அட்டை வந்தது.

7

காரில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

"ஏன் பா அப்படிச் சொன்னீங்க? கார்டு குடுக்கலன்னா என்ன பண்ணுவீங்க? ஜோக் பண்ற இடமா அது?"

"ஜோக் இல்ல. உண்மையைத்தான் சொன்னேன்."

"என்ன உண்மை?"

சொன்னேன். எங்கள் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழ் யாரும் கேட்டதில்லை. தலைமையாசிரியர் பையனை நிமிர்ந்து பார்த்து, பள்ளி திறக்கும் நாளுக்கு வயது சரியாக இருக்கும்படி ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே பிறந்தநாள். பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் என் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. என் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஐப்பசி அடைமழை, செவ்வாய்க்கிழமை என்பதுதான். அந்த மாதத்துச் செவ்வாய்களை எண்ணிப் பார்த்து, எது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் தேதி சரிபார்ப்பவனுக்குச் சொந்தத் தேதிக்கு ஒரு சாட்சிகூட இல்லை. வெளிநாட்டில் காகிதத்தை நம்பி வாழ்பவன் இதையெல்லாம் பேசக்கூடாது என்று மகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே."

"அப்ப நான் சின்னதுலேருந்து ராங் டேட்லயா கேக் வெட்டுறேன்?"

"ஆமா."

"ஏதோ ஒரு ஹெட்மாஸ்டர் ஸ்கூல் திறக்கிற நாளைப் பார்த்து வச்ச டேட்ல?"

"ஆமா."

கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டிகள் நின்றிருந்தன. அவள் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்மேல் வைத்துக்கொண்டு முன்னால் இருந்த லோரியையே பார்த்தாள். என் மடியில் பையும், பைக்குள் அந்தப் பதினோரு பக்கமும் இருந்தன. வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியத்தை அப்போது செய்தேன். பையைத் திறக்கவில்லை.

"அதுக்காக அது பொய்யாயிடுமா என்ன?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். "நான் உங்களுக்குத்தான் கேக் வெட்டினேன். ஜூன் ஒண்ணுக்கா வெட்டினேன்?"

சொல்லி முடித்ததும் அவள் காதிலேயே அது விழுந்துவிட்டது. முகம் மாறியது. லோரி நகர்ந்தது, இவள் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"ஒண்ணும் சொல்லாதீங்க."

"நான் வாயே திறக்கலையே."

"மூஞ்சியில சொல்றீங்க லா, அப்பா."

கொஞ்ச தூரம் போனதும் தனக்குத்தானே சொல்வதுபோல், "அகோங் பர்த்டேகூட ஜூன்லதான் லீவு விடுறாங்க" என்றாள். மாமன்னரின் அதிகாரபூர்வப் பிறந்தநாளைச் சொல்கிறாள். அரியணையில் எந்த மாமன்னர் இருந்தாலும், அவர் எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும், நாடு ஜூனில்தான் கொண்டாடும். நாட்காட்டி வேலையில் இருபத்தெட்டு வருடம் அந்தக் கட்டத்துக்கு டிக் போட்டவன் நான். என் பதினோரு பக்கத்தில் அது இல்லை.

8

பிறகு மூன்று வாரம் ஒரு பேச்சும் இல்லை. டிசம்பர் 24 மாலை நான்கு மணிக்கு அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது. அவள் இறங்கினாள், கையில் கோலமாவுப் பை. நட்சத்திரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"முதல்லயே சொல்லிடுறேன். மரத்துக்கு நான் இன்னும் ஓகே சொல்லல. ஞாயித்துக்கிழமை எங்க சபைக்குத்தான் போவேன். கோலத்துக்கு மட்டும்தான் வந்தேன்."

"கோலத்துக்கு மட்டும் வந்தவ பிரியாணிக்கும் உக்காந்துக்கோ" என்றாள் பிலோமினா உள்ளேயிருந்து. குரல் உடைந்திருந்தது. வெங்காயம் என்று பிறகு சொன்னாள்.

வாசலைக் கழுவிவிட்டது நான். புள்ளி வைத்தது அவள். மூன்று வருடத்தில் கை மறக்கவில்லை. பரமேஸ்வரி அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"அடி ஜெசி! வந்துட்டியா? உங்கப்பா போட்ட ஸ்பேர் பார்ட்டை நீ நேர்ல பார்க்கலையே!"

"போட்டோ அனுப்பினீங்களே ஆன்டி. அதைப் பார்த்துத்தான் பாவமா இருந்துச்சு."

இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆறு மணிக்கு வழக்கமான மழை. போர்ச் கூரை காப்பாற்றியது. ஓரத்தில் ஒரு முனை மட்டும் நனைந்தது. அதை மறுபடி போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் அச்சுமுறுக்கு. மரம் மூலையில் தன்பாட்டில் மினுக்கிக்கொண்டிருந்தது. அவளும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

26-ஆம் தேதி மதியம் கிளம்பினாள். வழக்கம்போல் புத்தாண்டுக்கு முன் 2025 நாட்காட்டியைக் கடைசியாக ஒருமுறை பார்க்கத் தேடினேன். சமையலறைச் சுவரில் ஜெசிந்தா ஏற்கெனவே மாட்டிவிட்டுப் போயிருந்தாள். ஜனவரி, பிப்ரவரி என்று புரட்டிக்கொண்டே வந்தேன். ஜூன் ஒன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் மாமன்னர் பிறந்தநாள் விடுமுறை, சரி. ஞாயிற்றுக் கட்டத்தின் ஓரத்தில் தமிழ்ப்பள்ளிக் கையெழுத்தில் பொடியாக எழுதியிருந்தது.

"அப்பா பிறந்தநாள். சாட்சி 1: ஜெசிந்தா. சாட்சி 2: அம்மா."

கீழே பிலோமினாவின் கையெழுத்து.

சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்து டிக் போட்டேன்.